அசை பிரிப்பதா, வேர் பிரிப்பதா?

மெடிக்கல் கோடிங், அதாவது நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலைக்கான படிப்பில் சேர்ந்தால் முதல் வாரமே கிரேக்கச் சொற்கள் மேலே வந்து விழும். அவற்றை அசை அசையாக வெட்டி உரக்கச் சொல்லிப் பழகலாம், அல்லது வேர்களாகப் பிரிக்கலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் வேர் கட்சிக்கு வந்துவிட்டேன்.

அசை முறை எளிது. பள்ளியில் பழகியதுதான், வாய் சட்டென்று திறக்கும். செல்போனில் ஒலியைக் கேட்பதும் அப்படியே. கேட்ட சொல் வரும், கேட்காத சொல் வராது.

கோலிசிஸ்டெக்டமியை எடுத்துக்கொள்ளுங்கள். கோ-லி-சிஸ்-டெக்-ட-மி என்று ஆறு அசை, ஒன்றுக்கும் பொருள் கிடையாது. வேராகப் பார்த்தால் மூன்றே துண்டு: கோலி பித்தம், சிஸ்ட் பை, எக்டமி வெட்டி எடுப்பது. பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை, அவ்வளவுதான். இனி வாலை மட்டும் மாற்றினால் கோலிசிஸ்டைட்டிஸ், பித்தப்பை அழற்சி. தலையை மாற்றினால் நெஃப்ரெக்டமி, சிறுநீரகத்தை அகற்றுவது. இரண்டையும் யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் வேர் பக்கம் சாய்ந்ததே இதனால்தான்: ஒரு சொல்லுக்குப் பட்ட பாடு அடுத்த பத்துச் சொல்லுக்கும் உதவுகிறது. ஓட்டோரைனோலாரிங்காலஜி கூட ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங் குரல்வளை என்று பிரிந்துவிடும். ஆஸ்பத்திரி போர்டில் இருக்கும் ஈ.என்.டி.யும் அதே வரிசைதான்.

ஆனால் வேர் முடியும் இடமும் அசை முடியும் இடமும் ஒன்றல்ல. ஹெலிகாப்டரை ஹெலி, காப்டர் என்றுதான் எல்லோரும் உடைக்கிறோம். உண்மையில் அது ஹெலிகோ, ப்டெர். அதாவது சுருள், இறக்கை.

உச்சரிப்பில் வேர் கொஞ்சம் கைவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். போட்டோகிராஃபில் அழுத்தம் முதல் அசையில். போட்டோகிராஃபியில் இரண்டாவதில், போட்டோகிராஃபிக்கில் மூன்றாவதில். வேர் மாறவே இல்லை! தமிழில் ஓர் அசையை மட்டும் அப்படி அழுத்தும் வழக்கம் இல்லாததால் நாம் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் சொல்லிவிடுகிறோம். இங்கே வாலைப் பார்க்க வேண்டும். லஜி, கிரஃபி, எக்டமி, ஸ்கபி என்று முடிந்தால் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில். ஐட்டிஸ் என்றால் அந்த ஐயில். சரி, எண்ணுவதற்காவது அசை வேண்டியிருக்கிறது.

எல்லாமே கிரேக்கம் என்றும் நினைத்துவிடக் கூடாது. டான்சிலைட்டிஸில் டான்சில் லத்தீன், வால் மட்டும்தான் கிரேக்கம். அப்புறம், நான் புழங்குவது மருத்துவச் சொற்களோடுதான். தாவரங்களின் அறிவியல் பெயர்களுக்கும் இந்த முறை இதே அளவு கைகொடுக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.