வானவில் ஸ்டிக்கரைப் பார்த்து நம்பாதீங்க: பாங்காக் ஹோட்டல்ல 5,000 பாட் போச்சு

5,000 பாட். நம்ம காசுக்கு 12,000 ரூபாய்க்கு மேல. பாங்காக்ல ஒரு ஹோட்டல்காரங்க என்கிட்ட கறந்தது. இன்னும் வயித்தெரிச்சல் அடங்கலை, அதனால எழுத்து அங்க இங்க தாவினா கண்டுக்காதீங்க. நம்ம கே ஆளுங்க நிறைய பேர் அந்த ஊருக்கு டிக்கெட் போட்டு வச்சிருக்கீங்கன்னு தெரியும், அதான் சூட்டோட சூடா போடறேன்.

ஹோட்டல் பேரைச் சொல்லலை. சொன்னா பதிவையே தூக்க வச்சிடுவாங்க. சீலோம் பக்கம், சாலா டேங் ரயில் ஸ்டேஷன்லேர்ந்து நடக்கிற தூரம், நடுத்தர ரகம். வாசல் கண்ணாடியில பெருசா வானவில் ஸ்டிக்கர். புக் பண்ணினது எல்லார் போன்லயும் இருக்கிற மாதிரி ஒரு புக்கிங் ஆப்ல. அதுலயும் இந்த ஹோட்டலுக்கு 'எல்ஜிபிடி நட்பு'ன்னு ஒரு முத்திரை குத்தியிருந்தாங்க. யாரு குத்தினது, எதை வச்சுக் குத்தினதுன்னு இப்பதான் கேட்கத் தோணுது.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பாங்காக்ல, பட்டாயால எல்லாம் ரூம்ல பேர் பதியாத ஒருத்தரை ராத்திரி தங்கக் கூட்டிட்டு வந்தா, சில ஹோட்டல்ல 'ஜாய்னர் ஃபீ'ன்னு தனியா வாங்குவாங்க. 500 பாட்லயும் இருக்கு, 1,500-லயும் இருக்கு, அதுக்கு மேலயும் இருக்கு. வாங்காத ஹோட்டலும் ஏகப்பட்டது. வர்றவரோட அடையாள அட்டையை ரிசப்ஷன்ல வாங்கி வச்சுக்குவாங்க. அவர் கிளம்பும்போது ரூமுக்கு போன் அடிச்சு, எல்லாம் சரியா இருக்கான்னு நம்மகிட்ட கேட்டுட்டுதான் கார்டைத் திருப்பிக் கொடுப்பாங்க. இந்த அட்டை விஷயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். திருட்டுப் போகாம இருக்கவும், வர்றவர் மைனர் இல்லைன்னு பார்க்கவும் அது நமக்கே பாதுகாப்பு. அங்க 2004-ல வந்த ஹோட்டல் சட்டமும் தங்கறவங்க விவரத்தைப் பதிஞ்சு வைக்கணும்னுதான் சொல்லுது. பதியறது வேற, அதை வச்சுப் பணம் புடுங்கறது வேற.

இதெல்லாம் தெரிஞ்சுதான் போனேன். ரூமையே ரெண்டு பேருக்குன்னுதான் புக் பண்ணினேன். அதோட நிக்காம ஆப் சாட்ல ஹோட்டலுக்கே எழுதிக் கேட்டேன்: என் நண்பர், ஆண், அந்த ஊர்க்காரர், ராத்திரி என்கூட தங்குவார், ஏதாவது கட்டணம் உண்டான்னு. பத்து நிமிஷத்துல பதில். ரெண்டு பேருக்கு புக் பண்ணியிருக்கீங்க, அதனால கட்டணம் எதுவும் கிடையாது, உங்க நண்பரை அன்போட வரவேற்கிறோம். கடைசியில ஒரு கும்பிடற கை, ஒரு வானவில். அதைப் படிச்சப்போ எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு நம்ம ஆளுங்களுக்குப் புரியும். எத்தனை ஊர்ல 'கசின்'னு பொய் சொல்லி, ட்வின் பெட் கேட்டு, காலையில ரெண்டாவது கட்டிலையும் கசக்கி விட்டுட்டு வந்திருக்கோம்! இங்க அதெல்லாம் வேண்டாம்னு ஒருத்தன் எழுதியே கொடுக்கிறான். நம்பாம என்ன பண்றது?

செக்-இன் பண்ணும்போது 2,000 பாட் டெபாசிட் கேட்டாங்க. கார்டை நீட்டினேன், மெஷின் வேலை செய்யலைன்னாங்க. ரொக்கமா கொடுத்தேன்.

அன்னிக்கு ராத்திரி அந்த நண்பன் வேலை முடிச்சு வந்தான். கே பார்கள் இருக்கிற சீலோம் சோய் 4 சந்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு ஹோட்டலுக்குத் திரும்பறப்போ நடுராத்திரி தாண்டிடுச்சு. ரிசப்ஷன்ல இருந்த அம்மா அவனோட அட்டையை வாங்கினாங்க. வாங்கி, ஹோட்டல் மெஷின்ல நகல் எடுக்கலை, தன்னோட சொந்த மொபைல்ல முன்னும் பின்னும் போட்டோ எடுத்தாங்க. தான் கேன்னு வீட்டுக்கு இன்னும் சொல்லாத பையன் அவன். முகம் சுருங்கினதை நான் பார்த்தேன். அப்புறம் அட்டையை ட்ராயர்ல போட்டுப் பூட்டிட்டு எங்கிட்ட சொல்றாங்க: 1,500 பாட், சார்.

சாட்டைக் காட்டினேன். படிக்கக்கூட இல்லை, போனைத் தள்ளி விட்டாங்க. "சிஸ்டம்ல ஒரு பேர்தான் இருக்கு."

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் ஒரு பொண்ணோட உள்ள வந்தார். அந்தப் பொண்ணு அட்டையும் காட்டலை, ஒரு பைசாவும் கொடுக்கலை. நேரா லிப்ட். அவங்ககிட்ட ஏன் கேட்கலைன்னேன். "அவங்க கப்பிள், சார்." நாங்களும்தான்னு சொன்னேன். சிரிச்சாங்க பாருங்க, அந்தச் சிரிப்புக்கே தனியா ஒரு பதிவு போடலாம். 2025 ஜனவரி 23-லேர்ந்து அந்த நாட்டுல ரெண்டு ஆம்பளைங்க சட்டப்படி கல்யாணமே பண்ணிக்கலாம். தென்கிழக்கு ஆசியாவிலேயே அவங்கதான் முதல். சட்டம் வந்தாச்சு, அந்த கவுண்டருக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரலை.

நடுவுல அந்தம்மா அவன்கிட்ட தாய்லாந்து மொழியில ஏதோ கேட்டாங்க. அவன் தலையைக் குனிஞ்சு, கையைக் கூப்பிக்கிட்டே ஏதோ பதில் சொன்னான். என்ன கேட்டாங்கன்னு அப்ப சொல்லலை. ரூமுக்குப் போனப்புறம்தான் சொன்னான்: "ஒரு ராத்திரிக்கு நீ எவ்வளவு வாங்கற?" ஆபீஸ்ல உட்கார்ந்து கணக்கு எழுதற பையன். அப்படியே தொழில் பண்றவனா இருந்தாலும் அந்தம்மாவுக்கு என்ன வந்துச்சு?

பணம் கட்டினேன். ஏன்னா அட்டை அவங்க ட்ராயர்ல இருக்கு. காலையில ஏழு மணிக்கு அவன் கிளம்பணும். அடகுக்கடைக்காரன் மாதிரி, காசை வச்சா சரக்கு. ரசீது கேட்டதுக்கு ஒரு துண்டுச்சீட்டுல கையால எழுதிக் கொடுத்தாங்க. 'ரூம் சர்வீஸ் 1,500'. ஜாய்னர் ஃபீன்னு எழுதுங்கன்னேன். "சேம் சேம், சார்." இந்தச் சீட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

காலையில மேனேஜரைப் பார்த்தேன். நல்லா டை கட்டினவர், தண்ணி பாட்டில் எல்லாம் கொடுத்தார். சாட்டைப் படிச்சுட்டு, இது எங்க ரிசர்வேஷன் டீம் எழுதினது, அவங்க வேற ஆபீஸ், இங்க இருக்கிற விதி வேறன்னார். சரி, 1,500 ஒரு தடவை கட்டியாச்சு, மறுபடி கேட்பீங்களான்னேன். இல்லை, இல்லை, ஒரே தடவைதான்னார். மறுநாள் ராத்திரி அதே அம்மா, அதே ட்ராயர், இன்னொரு 1,500. மேனேஜர் சொன்னாரேன்னா, மேனேஜர் காலையில பத்து மணிக்கு வருவார். அட்டை உள்ள. அவன் என் கையைப் பிடிச்சு வேண்டாம், விடுங்கன்னு கெஞ்சறான். பின்னாடி வரிசையில ஆளுங்க நின்னு வேடிக்கை பார்க்கறாங்க.

இங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. இவங்க கணக்கு போட்டது நம்ம பர்ஸை வச்சு இல்லை, நம்ம கூச்சத்தை வச்சு. கே பையன் லாபில நின்னு சத்தம் போட மாட்டான். கூட வந்தவன் போலீசுக்குப் போக மாட்டான். ஊருக்குத் திரும்பினப்புறம் யார்கிட்ட போய், எதுக்காகப் பணம் கட்டினேன்னு சொல்லுவான்? வானவில் ஸ்டிக்கர் ஒட்டினா அந்த மாதிரி ஆளுங்களாத் தேடி வந்து விழுவாங்க. ஸ்டிக்கர் செலவு எவ்வளவு இருக்கும், இருபது பாட்?

செக்-அவுட் அன்னிக்கு டெபாசிட் 2,000-ஐக் கேட்டா, டவல்ல கறைன்னாங்க. டவலைக் காட்டுங்கன்னேன். லாண்டரிக்குப் போயிடுச்சாம். நான் ரூமை விட்டு இறங்கி பத்து நிமிஷம்கூட ஆகலை, அதுக்குள்ள டவல் லாண்டரிக்குப் போயிடுச்சு! ஏர்போர்ட் வண்டி வாசல்ல ஹாரன் அடிக்குது. மேனேஜர் மீட்டிங்ல. ஆக 1,500, 1,500, 2,000. மொத்தம் 5,000 பாட்.

இனிமே அந்த ஆப் கதை. முதல்ல ஒரு ரோபோ பேசிச்சு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள், ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்லேர்ந்து ராமாயணம் பாடணும். எல்லாருக்கும் ஒரே வசனம்: உங்கள் ஏமாற்றத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். ஹோட்டல்ல விசாரிச்சாங்களாம். அது ஜாய்னர் ஃபீ இல்லை, கஸ்டமர் சாப்பிட்ட ரூம் சர்வீஸ், கையில ரசீதே இருக்குன்னு ஹோட்டல் சொல்லிடுச்சாம். துண்டுச்சீட்டு வேலை செஞ்சிடுச்சு பார்த்தீங்களா! உங்க சாட்லயே கட்டணம் இல்லைன்னு ஹோட்டல் எழுதியிருக்காங்களேன்னு கேட்டா, ஹோட்டல்ல நேரடியா கொடுத்த பணத்துக்கு நாங்க பொறுப்பில்லைங்கறாங்க. அப்ப அந்த முத்திரைக்கு யார் பொறுப்பு? அதை ஹோட்டலே தேர்ந்தெடுத்துக்கலாமாம், இவங்க சரிபார்க்கறது இல்லையாம். இதை எவ்வளவு சாதாரணமா சொல்றாங்க தெரியுமா!

நல்லெண்ணமா 300 பாட் கூப்பன் தர்றாங்களாம். அடுத்த புக்கிங்ல கழிச்சுக்கலாம். அதே ஹோட்டல்லகூட யூஸ் பண்ணலாமாம். 5,000 போனவனுக்கு 300, அதுவும் அவங்ககிட்டயே மறுபடி போனா. ரிவ்யூ எழுதினேன், நடந்ததை மட்டும், ஒரு கெட்ட வார்த்தை இல்லாம. விதிமுறைக்கு ஒத்து வரலைன்னு எடுத்துட்டாங்க. ஹோட்டலோட மதிப்பெண் மட்டும் ஜம்முனு அப்படியே இருக்கு.

தெரியாத ஆளை ரூமுக்குக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்னு உபதேசம் பண்ண வர்றவங்க தயவுசெஞ்சு ஒதுங்கிக்கோங்க. அவன் எனக்குத் தெரியாத ஆள் இல்லை. தெரியாத ஆளாவே இருந்தாலும், இல்லைன்னு எழுதிக் கொடுத்த கட்டணத்தை வாங்கறது திருட்டுதான்.

விலாவாரியா டிப்ஸ் எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரமா நாலு விஷயம். ரெண்டு பேருக்கு புக் பண்ணினா மட்டும் போதாது, செக்-இன் பண்ற அந்த நிமிஷமே ரெண்டாவது பேரையும் பதியச் சொல்லுங்க. அவர் அப்புறம் வர்றவரா இருந்தாலும் பேரைக் கொடுத்து வைங்க. டெபாசிட்டைக் கார்டுல பிடிக்கச் சொல்லுங்க, மெஷின் கெட்டுப்போச்சுன்னா சரி பண்ற வரைக்கும் சோபால உட்காருங்க. ரசீதுல எதுக்குப் பணம்ங்கறது அதே பேர்ல இருக்கணும், வேற எதுவும் எழுத விடாதீங்க. அட்டையைச் சொந்த போன்ல போட்டோ எடுத்தா அங்கேயே தடுங்க. கிளம்பும்போது ரூமையும் டவலையும் வீடியோ எடுத்துக்கோங்க. அட்டையே இல்லைன்னு சொல்ற ஆளோட உள்ள போகாதீங்க, அது வேற வம்பு. டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155, ராத்திரியும் எடுப்பாங்க, இங்கிலீஷ்ல பேசலாம். எனக்கு இது ஏர்போர்ட்ல பக்கத்து சீட்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுது, அப்ப போர்டிங் ஆரம்பிச்சாச்சு.

சீலோம் பக்கம் உண்மையிலேயே கட்டணம் வாங்காத ஹோட்டல்ல தங்கினவங்க இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, ஒரு பட்டியல் போடலாம். ஆப்காரங்க மறுபடி லைன்ல வந்திருக்காங்க, இந்தத் தடவை சீனியராம். 5,000 பாட்ல ஒரு பாட் குறைஞ்சாலும் விடறதா இல்லை, பேசிட்டு வர்றேன்.