நாகர்கோவில் பக்கம் பிள்ளைகளை டென்னிஸ் கோச்சிங்கில் சேர்க்கிறவர்கள் கவனத்துக்கு

மூன்று மாத ஃபீஸ் ஒன்பதாயிரம் ரூபாய் போனது போகட்டும். என் பையன் மணிக்கட்டில் பட்டை போட்டுக்கொண்டு ஒரு மாதம் திரிந்தான், அதற்காகத்தான் இந்தப் பதிவு. கோச் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு அந்த ஆளைப் பற்றியதாகிவிடும். எனக்கு அவர் செய்த வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பையனுக்கு 11 வயது. ஒரு வருடமாக வீட்டுக் காம்பவுண்டு சுவரில் பந்தடித்துப் பழகியவன். யாரும் சொல்லித்தராமலே ராக்கெட்டோடு கைகுலுக்குவது போலப் பிடிப்பான். முதல் நாளே கோச் அதை வாங்கி, கைப்பிடியின் அடியில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டார். "ஆள்காட்டி விரலோட அடிமுட்டு இந்தக் கோட்டுலதான் இருக்கணும். நடால் இப்படித்தான் பிடிப்பாரு சார்" என்றார். சுற்றிப் பார்த்தேன். பதினான்கு பிள்ளைகள், பதினான்கு ராக்கெட்டிலும் அதே இடத்தில் கோடு. ஒழுங்கான ஆள் போலிருக்கிறது என்று அப்போது நினைத்ததை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: ராக்கெட் கைப்பிடி உருண்டை கிடையாது, எட்டுப் பட்டை. ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்கிற மாதிரி பிடித்தால் மேலே இருப்பது 1. வலது கைக்காரர் அங்கிருந்து வலப்பக்கமாக எண்ணினால், விரலின் அடிமுட்டு 2-இல் இருந்தால் காண்டினென்டல், 3 ஈஸ்டர்ன் (கைகுலுக்குகிற பிடி), 4 செமி வெஸ்டர்ன், 5 வெஸ்டர்ன். ஒவ்வொரு பட்டை கீழே இறங்க இறங்க ராக்கெட்டின் முகம் தரையைப் பார்த்துக் கவிழும், பந்தை இன்னும் முன்னால், இன்னும் உயரத்தில் சந்திக்க வேண்டிவரும். தோளுயரப் பந்தை டாப்ஸ்பின்னோடு, அதாவது முன்பக்கமாகச் சுழலும்படி, சாத்த வெஸ்டர்ன் சுகம். முழங்காலுக்குக் கீழே வந்தால் அதே பிடி சனியன். வலைப்பக்கம் ஓடி, பந்து தரையில் படுமுன் அடிக்கிற வாலி ஷாட் ஆட வேண்டுமானால் மூன்று பட்டை தாண்டிக் காண்டினென்டலுக்குக் கையை மாற்ற வேண்டும். அதற்குள் பந்து போய்விடும். அதனால் அப்படிப் பிடிக்கிறவன் தானாகவே கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனோடு ஒட்டிக்கொள்வான். பிடிதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்று, நடால் பிடித்தது செமி வெஸ்டர்ன். கோச் கோடு போட்டது ஐந்தாம் பட்டையில்.

அவருடைய சாமர்த்தியம் எங்கே என்றால், பக்கத்தில் நின்று கையால் பந்து போட்டுக் கொடுப்பார். எல்லாமே தோளுயரம். பையன் சுழற்றிச் சாத்துவான், நான் வீடியோ எடுத்து மச்சானுக்கு அனுப்புவேன். ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் குட்டு உடைந்தது. நம்மூரில்தான் இரண்டு பருவமும் மழையாயிற்றே. ஈர மண் கோர்ட்டில் பந்து எழும்பவே இல்லை. பக்கத்து ஊர்ப் பையனோடு ஆடிய மேட்சில் தாழ்ந்து வந்ததெல்லாம் வலையில், மிச்சம் ஃபிரேமில் பட்டு வேலிக்கு மேலே. சர்வீஸும் அதே பிடியில்தான், தோசை திருப்புகிற மாதிரி. சர்வீஸுக்குப் பிடிக்க வேண்டிய காண்டினென்டல் என்ற வார்த்தையே அவன் காதில் விழவில்லை.

இதே நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அந்தக் காலத்துப் புல்தரையில் பந்து தாழ்ந்துதான் வரும். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் காண்டினென்டல், ஈஸ்டர்ன்தான் பிடித்தார்கள். தரையைப் பார்த்துப் பிடி. இதைக்கூட யோசிக்காதவரிடம் பிள்ளையை விட்டிருக்கிறேன்.

ராக்கெட்டும் அவரே விற்றார், ஆறாயிரத்து ஐந்நூறு. பெரியவர்களுக்கான 27 இன்ச், முந்நூறு கிராம், பையன் கைக்குத் தடித்த கைப்பிடி. அதில் விறைப்பான பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை இறுக்கிக் கட்டியிருந்தார், ஸ்பின் வருமாம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் ஆடுகிற சாதா மஞ்சள் பந்துதான். 10 வயதுக்குட்பட்டோர் போட்டியில் அந்தப் பந்து கூடாதென்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டது.

ஒருநாள் ராத்திரி, "அப்பா, டம்ளரத் தூக்க முடியல" என்றான். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு வீங்கியிருந்தது. "எப்பத்துல இருந்து மக்களே?" என்று கேட்டேன். இரண்டு வாரமாம். கோச்சிடம் சொன்னதற்கு, பழகினால் சரியாகிவிடும் என்றிருக்கிறார். டாக்டர் தசைநாரில் அழற்சி என்றார். அவனை ராக்கெட்டைப் பிடித்துக் காட்டச் சொல்லிவிட்டு, "இப்படிப் பிடிக்க யாரு சொன்னா?" என்று என்னைத்தான் பார்த்தார்.

மிச்சப் பணத்தைக் கேட்டேன். "வாரம் மூணு நாள் பத்தாது சார், அஞ்சு நாள் அனுப்புங்க" என்று பதில். ரசீது கிடையாது. பேசிக்கொண்டே கோர்ட்டில் கிடந்த பந்துகளைத் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார், அழகான ஈஸ்டர்ன் பிடியில். அவர் ராக்கெட்டில் கோடு எதுவும் இல்லை.

சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தாழ்ந்த பந்து போடுகிறாரா, சர்வீஸுக்குப் பிடி மாற்றச் சொல்கிறாரா, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பிடியா? மூன்று மாத அட்வான்ஸ் கேட்டால் ஒரு மாதம் மட்டும் கொடுங்கள்.

பையன் இப்போது 26 இன்ச் ராக்கெட்டில் மறுபடி சுவரில் அடிக்கிறான், கைகுலுக்குகிற பிடியில். அந்தப் பெரிய ராக்கெட் பரண்மேல் கிடக்கிறது. பெரியவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிங்கை மட்டும் மாற்றிவிடுங்கள்.