லெட்ச்வொர்த் தோட்ட நகரம்: பன்னிரண்டு வருடம் குடியிருந்து பார்த்த அனுபவம்

லண்டனில் வேலை, ஆனால் லண்டனில் வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்கிற நிலையில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "லெட்ச்வொர்த் எப்படி இருக்கு?" என்பதுதான். நாங்கள் 2013 கோடையில் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருந்து இங்கே குடிவந்தோம். அப்போது மகளுக்கு மூன்று வயது. எங்களுக்கு இந்த ஊரில் பிடித்தது, பிடிக்காதது இரண்டும் வருடம் போகப் போக மாறியிருக்கிறது. முதல் வருடத்தில் கேட்டிருந்தால் மரங்களைப் பற்றி மட்டும் சொல்லியிருப்பேன்.

ஊர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், லண்டனின் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் இருந்து சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 33,000. பக்கத்து ஊர்களான ஹிட்சினும் பால்டாக்கும் சந்தை கூடி, சாலை சேர்ந்து, தானாக வளர்ந்தவை. லெட்ச்வொர்த்தை முதலில் காகிதத்தில் வரைந்தார்கள், அப்புறம்தான் கட்டினார்கள். நாடாளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிழைத்த எபினேசர் ஹோவர்ட் என்பவர், நகரத்து வேலையும் கிராமத்துக் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி 32,000 பேருக்கு ஒரு ஊர் அமைக்கலாம் என்று 1898-இல் எழுதினார். 1903-இல் ஒரு கம்பெனி தொடங்கி, 3,818 ஏக்கர் விவசாய நிலத்தை வாங்கினார்கள். ரேமண்ட் அன்வின், பேரி பார்க்கர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் திட்டம் வரைந்தார்கள். உலகத்தின் முதல் தோட்ட நகரம் இதுதான்.

இந்தக் கதையெல்லாம் குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் தெரிவதற்கு முன்பே அதன் பலனை அனுபவிக்கத் தொடங்கியிருந்தேன். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நடந்தால் ஸ்டேஷன் பதினோரு நிமிடம். பள்ளிக்கூடம், கடைத்தெரு, நூலகம், நார்ட்டன் காமன் என்ற பெரிய பொது வெளி, எல்லாமே நடை தூரம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வேலிச்செடி வைத்த வீடுகளைத் தாண்டி பிராட்வே என்ற பெரிய தெரு வந்துவிடும். இரண்டு பக்கமும் லைம் மரங்கள். பெயர்தான் லைம், எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜூன் மாதத்தில் அந்த இலைகளில் மொய்க்கும் சின்னப் பூச்சிகளால் பிசுபிசுவென்று ஒரு பாகு சொட்டும். அடியில் நிறுத்திய காரின் கண்ணாடியை விரலால் தொட்டால் வெல்லப் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த வாசனை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் கோடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

தொழிற்சாலைகளை ஊரின் கிழக்கே வைத்தார்கள். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கில் இருந்து வீசும். அதனால் புகை வீடுகள் பக்கம் வராது. நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் காற்றின் திசையைப் பார்த்து வீடு எங்கே, ஆலை எங்கே என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மதிப்பு கூடுகிறது. அந்த ஆலைகளும் லேசுப்பட்டவை இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உதவிய 'பாம்' இயந்திரங்கள் இந்த ஊரில்தான் செய்யப்பட்டன. பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனி இருநூறுக்கும் மேல் செய்து கொடுத்தது. மென்பொருள் சோதனை வேலை பார்க்கிற எனக்கு அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் ஒரு பெருமை வரும்.

ஹோவர்ட் நினைத்தது, இங்கே குடியிருப்பவர் இங்கேயே வேலை பார்க்க வேண்டும், லண்டனுக்கு ஓட வேண்டியதில்லை என்று. நாங்களோ லண்டனுக்கு ஓடுவதற்காகவே இங்கே வந்தவர்கள். காலை ஏழரை மணி பிளாட்பாரத்தைப் பார்த்தால் எங்களைப் போல எத்தனை பேர் என்று தெரியும்.

சரி, ரயில். வேகமாகப் போகும் வண்டியில் ஏறினால் கிங்ஸ் கிராஸுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நின்று நின்று போகும் வண்டி என்றால் ஒரு மணி நேரத்தை நெருங்கும். ஓடுகிற நாளில் அருமையான தடம். தடம் கெட்டால் கெட்டதுதான். வெல்வின் பக்கத்தில் 1850-இல் கட்டிய டிக்ஸ்வெல் பாலம் ஒன்று இருக்கிறது. நாற்பது வளைவுகள் கொண்ட, பார்க்கப் பார்க்க அழகான செங்கல் பாலம். நான்கு தண்டவாளமாக வரும் பாதை அந்த இடத்தில் இரண்டாகக் குறுகிவிடும். எடின்பரோவுக்கும் லீட்ஸுக்கும் போகிற விரைவு வண்டிகளும் எங்கள் வண்டியும் அதே இரண்டு தண்டவாளத்தில்தான் போக வேண்டும். எங்கோ ஒரு வண்டி கோளாறானால் இங்கே எல்லாம் நிற்கும். இந்தப் பாலத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் தாமதம் ஏன் வருகிறது என்பதே எனக்குப் புரிந்தது.

2018 மே மாதம் கால அட்டவணையை ஒட்டுமொத்தமாக மாற்றியபோது பட்ட பாட்டை மறக்க முடியாது. அறிவிப்புப் பலகையில் இருக்கும் வண்டி கண்ணெதிரே ரத்தாகும். ஒரு நாள் மகளைக் குழந்தைக் காப்பகத்தில் இருந்து கூப்பிட வேண்டிய நேரத்தில் நான் வழியில் இருக்கும் ஸ்டீவனேஜில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண்மணிதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்து, டோஸ்ட் போட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அதுவரை நாங்கள் அவரோடு வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம். 28 நாளில் எட்டு நாள் பயணம் செய்யும் ஃப்ளெக்ஸி சீசன் டிக்கெட் 2021-இல் வந்தபோது எங்கள் கணக்கே மாறிவிட்டது. அதற்கு முன் வீட்டுக் கடனுக்கு அடுத்த பெரிய செலவு ரயில்தான்.

வீடு 1911-இல் கட்டியது. வெளிச்சுவரில் சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு, சரிவான ஓட்டுக் கூரை, பின்னால் நீளமான தோட்டம். ஏக்கருக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் வேண்டாம் என்பது அன்வினின் கொள்கை. அதன் அருமை அந்தத் தோட்டத்தில் இறங்கினால்தான் தெரியும். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, ஒரு நல்ல கோடையில் அவரைக்காய் வரைக்கும் எடுத்திருக்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் அந்த வீட்டைச் சூடாக வைப்பது பெரும்பாடு. பழைய சுவர், பழைய தரை. பரணில் கம்பளிப் பஞ்சு அடைத்த பிறகுதான் மேல்மாடி அறையில் மகள் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்தாள்.

இங்கே வீடு வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வெளியே தெரிகிற எதை மாற்றினாலும், ஜன்னல், கதவு, கூரை, சில சமயம் வேலிச்செடி கூட, கவுன்சில் அனுமதி ஒரு பக்கம் இருக்க, ஊரின் பாரம்பரிய அறக்கட்டளையிடம் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். எங்களுக்கு ஜன்னல் போட வந்த பில்டர், அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்று அடித்துச் சொன்னார். நம்பினோம். சின்னச் சின்னக் கட்டமாக இருந்த பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டு, ஒரே கண்ணாடியாக வெள்ளைப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்துவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. எடுத்துவிட்டுக் கட்டம் போட்ட ஜன்னலாகத் திரும்ப வைத்தோம். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம். பில்டர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. வருத்தம்தான். ஆனாலும் தெருவில் நின்று ஒரே வரிசையாக அந்த வீடுகளைப் பார்க்கும்போது, விதி இல்லாமல் ஆளாளுக்கு ஒன்று செய்திருந்தால் இது மிஞ்சியிருக்காது என்று படுகிறது.

இந்த அறக்கட்டளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஹோவர்டின் திட்டத்தில் மரத்தையும் தோட்டத்தையும் விட முக்கியமானது நிலம். நிலம் ஊருக்குச் சொந்தம். ஊர் வளர்ந்து நிலத்தின் மதிப்பு கூடினால் அந்த வாடகையும் ஊருக்கே திரும்ப வேண்டும். 1960 வாக்கில் வெளியார் கம்பெனி ஒன்று பங்குகளை வாங்கி இந்த நிலத்தைக் கைப்பற்றப் பார்த்தது. ஊர்க்காரர்கள் போராடியதில் 1962-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு ஒரு பொதுக் கழகத்திடம் ஒப்படைத்தது. 1995 முதல் லெட்ச்வொர்த் கார்டன் சிட்டி ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அதை நடத்துகிறது. கடைகள், அலுவலகங்கள், விளைநிலங்கள் தருகிற வாடகை இந்த ஊருக்குள்ளேயே செலவாகிறது. 1936-இல் கட்டிய பிராட்வே திரையரங்கில் மகளோடு படம் பார்த்துவிட்டு நடந்து வீடு திரும்புகிறேன் என்றால் அதற்குப் பின்னால் அந்த வாடகை இருக்கிறது. ஊரைச் சுற்றி 13.6 மைல் நீளத்தில் இருக்கும் கிரீன்வே நடைபாதையும் அப்படித்தான். ஒரு ஈஸ்டர் விடுமுறையில் அதை முழுவதும் நடந்து முடித்தோம். ஆறு மணி நேரம் ஆனது, மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

மயிலாடுதுறையில் இருந்து அம்மா வந்து மூன்று மாதம் இருந்தார். முதல் நாளே தோட்டத்து வேலியில் கறுப்பாக ஒன்று ஓடியதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது அணிலா? முதுகில கோடே இல்லையே, ராமர் தடவாத அணிலா?" என்றார். சாதாரணச் சாம்பல் அணில்தான், மரபணு மாற்றத்தால் உடம்பு முழுக்கக் கறுப்பாகிவிடுகிறது. இந்தப் பகுதிக்கே அது அடையாளம். தினமும் காலையில் வேர்க்கடலை வைத்து, அதற்கு ராமர் பெயரையே அம்மா வைத்துவிட்டார்.

அம்மாவுக்குப் பிடித்த இன்னொரு செய்தி, தொடக்க காலத்தில் இங்கே சைவ உணவுக்காரர்களும் பிரம்மஞானிகளும் நிறைய இருந்தார்கள் என்பது. 1915-இல் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர்கள் இங்கே தொடங்கிய பள்ளிக்கூடத்தில் சைவச் சாப்பாடுதான். அந்தச் சபையின் தலைமையகம் இருக்கும் சென்னை அடையாற்றுக்கும் லெட்ச்வொர்த்துக்கும் அப்படி ஒரு தொடர்பு.

குறைகளையும் சொல்கிறேன். தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கெட்டிலில் பத்து நாளில் வெள்ளையாகப் படிந்துவிடும். புளித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து ஊற வைத்தால் போகிறது. பழைய தெருக்களில் பார்க்கிங் கஷ்டம், கார் வருவதற்கு முன்னால் போட்ட தெருக்கள். மாலை ஆறு மணிக்குக் கடைத்தெரு அடங்கிவிடும், காலியாகக் கிடக்கும் கடைகளும் கூடிவிட்டன. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு குறைவு என்பது மகளின் நியாயமான புகார்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. ஈஸ்ட் ஹாமில் நடந்தே முருகன் கோயிலுக்குப் போவோம், வழியில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வருவோம். இங்கே கறிவேப்பிலைக்கே லூட்டனுக்குக் கார் எடுக்க வேண்டும். மகளின் தமிழ் வகுப்புக்கு ஏழு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தெருவில் தமிழ் காதில் விழாத ஊரில் அவளைத் தமிழ் பேச வைத்தது அந்தக் கார்ப் பயணங்கள்தான்.

வீடு பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வராதீர்கள். வேலை நாளில், ஜனவரியில், காலை ஏழு மணிக்கு வாருங்கள். அந்த வீட்டு வாசலில் இருந்து ஸ்டேஷன் வரை நடந்து பாருங்கள். விற்பவரிடம் ஜன்னலுக்கும் கூரைக்கும் வாங்கிய ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். அது இல்லை என்றால், விலை பேசுவதற்கு முன்னால் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.