ஆச்சியின் எல்லையும் பேத்தியின் எல்லையும்

திருநெல்வேலிச் சீமையில் ஆச்சிமார் காலத்துக் கட்டுப்பாடு இடத்தைப் பற்றியது. வயதுக்கு வந்த பெண் வாசலைத் தாண்டக்கூடாது. முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் வேலை வீட்டுக்குள்ளேயே அமைந்தது அவ்வழக்கத்துக்கு வசதியாகவும் போயிற்று. பாளையங்கோட்டையில் 1895இல் பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி தொடங்கிய பிறகும் பல வீடுகளின் வாசல் திறக்கவில்லை.

பேத்தியரின் கட்டுப்பாடோ நேரத்தைப் பற்றியது: பேருந்தேறிப் படிக்கவும் வேலைக்கும் போகலாம், ஆனால் இருட்டுமுன் திரும்ப வேண்டும், கைப்பேசியை உடனே எடுக்க வேண்டும். பேரம் பேச இடமிருப்பதால் இதுவே மேல் என்பேன், கண்காணிப்பு கூடியிருந்தாலும்.

சொத்தில் மட்டும் இரண்டும் ஒன்றே: இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989ஆம் ஆண்டில் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த பின்னும், பங்கு கேட்பவள் பிறந்த வீட்டைப் பகைத்தவளாகவே பேசப்படுகிறாள்.