கூரையில் லைட் பாரா, பம்பரில் குட்டி விளக்கா? உப்புக் காற்றில் எது நிற்கும்

தண்டையார்பேட்டையில் நான் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கடல் நடந்து போகிற தூரம்தான். வண்டிக்குக் கூடுதல் விளக்கு வாங்கும்போது இதை நான் யோசிக்கவில்லை. எத்தனை வாட், எவ்வளவு தூரம் அடிக்கும் என்று மட்டும் பார்த்தேன்.

வண்டி 4x4 பொலிரோ கேம்பர். பின் தொட்டியில் இரண்டு பேர் படுக்கிற மாதிரி கூடு கட்டியிருக்கிறேன். மாதம் ஒரு முறையாவது மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு பக்கம் போய்விடுவோம். கடைசிக் கொஞ்ச தூரம் உப்பங்கழி ஓரத்து மண் பாதை. மழை பெய்தால் சேறு, இரவில் கும்மிருட்டு. ஹெட்லைட் போதாமல்தான் கூடுதல் எல்இடி தேடினேன். முதல் இரண்டு வருடம் கூரையில் நீளமான லைட் பார் இருந்தது. இப்போது பம்பரில் நான்கு குட்டி விளக்குகள். இரண்டையும் நானே வைத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: நம் பக்கத்து ஆட்களுக்குப் பம்பர்தான்.

வெளிச்சத்தின் அளவில் லைட் பார்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. என்னுடையது 180 வாட். நான்கு குட்டி விளக்கும் சேர்ந்தே 80 வாட்தான். ஆனால் கூரையிலிருந்து விழும் வெளிச்சத்தில் பாதி பானட்டில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வந்தது. இன்னொன்றும் உண்டு. விளக்கு உயரத்தில் இருந்தால் பள்ளத்தின் நிழல் சுருங்கி, பாதை சமமாக இருப்பதுபோலத் தெரியும். கீழேயிருந்து அடித்தால் ஒரு சாண் பள்ளத்துக்கும் நீளமாக நிழல் விழும், முன்கூட்டியே பிரேக் மிதித்துவிடலாம்.

சரி, என் முடிவை மாற்றியது இதுவும் இல்லை. பராமரிப்புதான் மாற்றியது.

லைட் பார் வைத்த ஆறாவது மாதம், பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருந்தது. விளக்கின் உடம்பு அலுமினியம், போல்ட் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்பு ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். ஆலன் சாவி போட்டுத் திருகினால் போல்ட் அசையவில்லை, தலைதான் மழுங்கியது. அடுத்த ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் ஆவி கட்டியது. அப்புறம் இடது பக்கத்து எல்இடிகள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. இத்தனைக்கும் பெட்டியில் தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி67 குறியை அச்சிட்டிருந்தார்கள்.

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்யும் ஓர் அண்ணனிடம் காட்டினேன். விளக்கை அவர் பார்க்கவே இல்லை. ஒயரை வெட்டி முனையைச் சீவினார். செம்பு கருத்துப் போயிருந்தது. "தம்பி, தண்ணி மேல இருந்து மட்டுமா வரும்? ஒயருக்குள்ளயே ஏறி வரும்" என்றார்.

அவர் விளக்கிய பிறகு புரிந்தது. எரிந்து சூடான விளக்கின் மேல் திடீரென மழை பட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். சீலில் இடம் இல்லையென்றால் செம்பு இழைகளின் இடுக்கு வழியே ஈரம் வந்து சேரும். ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குமா என்ற சோதனை. வருடக்கணக்கில் உப்புக் காற்றைத் தாங்குமா என்பதற்கு அது பதில் ஆகாது.

அப்படியானால் பம்பர் விளக்குக்கும் இதே கதிதானே என்று கேட்கலாம். உண்மையில் அதற்குத்தான் சேறும் கல்லும் அதிகம். ஆனால் அது என் கைக்கு எட்டுகிறது. ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர், ஒரு துணி, ஐந்து நிமிடம், வேலை முடிந்தது. கூரை மேல் இருப்பதைக் கழுவ ஏணி வேண்டும். ஏணி எடுக்கச் சோம்பல் பட்டு இரண்டு வருடத்தில் நான் கழுவியது நான்கு தடவை இருக்கலாம். வாட்டர் சர்வீஸில் விட்டாலும் பிரஷர் பைப்பைச் சீலுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். அந்த வேகத்துக்கான சோதனை ஐபி69கே, அது வேறு.

இந்த முறை அந்த அண்ணன் சொன்னபடியே செய்தேன். படகுக்குப் போடும், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர். போல்ட் எல்லாம் 316 எஸ்எஸ். சாதாரண 304-ஐவிட அது உப்பைத் தாங்கும், மாலிப்டினம் சேர்த்தது. போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் வாஷர். இணைப்புகளில் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ். இணைப்புக்கு முன்னால் ஒயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். 80 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏழு ஆம்பியருக்குள் வருகிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கூடவே, முழு மின்சாரமும் சுவிட்ச் வழியாக ஓடாமல் இருக்க ஒரு ரிலே. 180 வாட் பாருக்கு 15 ஆம்பியர் ஓடும், ஒயரும் தடிமனாக வேண்டும். அதையும் கூரைவரை இழுக்க வேண்டும்.

ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இணைப்பைத் திறந்து பார்க்கிறேன், செம்பு இன்னும் பளிச்சென்று இருக்கிறது. தண்ணீரில் இறங்கும் முன் மட்டும் இந்த விளக்குகளை அணைத்துக் கொஞ்சம் ஆறவிடுகிறேன்.

நான்கில் இரண்டுக்கு மஞ்சள் மூடி. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்று கடையில் சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். மார்கழி விடியற்காலையில் பொன்னேரி தாண்டும்போது கண் கூசுவது குறைகிறது, எனக்கு அது போதும். கூடாரம் போட்ட இடத்தில் பூச்சியும் குறைவு.

மலைப் பாதையில் நான் இரவில் ஓட்டியது இரண்டே முறை. அங்கே தூரத்து வளைவைக் காட்ட லைட் பார் உதவலாம். கடலிலிருந்து தள்ளி, மலைப்பக்கமே சுற்றுகிறவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை வைத்தாலும் இரண்டு விஷயம். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட் வைக்கப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது, அதுவும் விசேஷக் காரணம் இருந்தால்தான். முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் எதிரே வரும் கன்டெய்னர் டிரெய்லர்காரர் கண்ணில் இந்த வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. தார்ச் சாலையில் நான்கிலும் கறுப்பு மூடிதான். அடுத்து, கடற்கரையை நோக்கி இதைப் போடாதீர்கள். ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் நம் கரையில் முட்டையிட வரும், குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் நடக்கும்.

லைட் பார் இருந்த இடத்தில் கூரையில் இப்போது இரண்டு துளைகள், சுற்றிலும் துரு. தற்காலிகமாக ரப்பர் அடைப்பு வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் தகடு வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட் அடிக்க வேண்டும்.