பழைய டிவிக்கு பாக்ஸா, புது டிவியா?

பழைய அனலாக் ஒளிபரப்பு நின்று டிஜிட்டல் வரப் போகிறது என்றதும் நன்றாக ஓடுகிற டிவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை; டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் செட்-டாப் பாக்ஸை இணைத்தும் பார்க்கலாம்.

செலவு: பாக்ஸ், புது டிவி விலையில் சின்னப் பங்குதான். இருக்கிற ஆன்டெனாவே பெரும்பாலும் இரண்டுக்கும் போதும். ‘டிஜிட்டல் ஆன்டெனா’ என்று தனியாக விற்றால் உடனே வாங்கிவிடாதீர்கள்.

படம்: டியூப் டிவியில் மஞ்சள் ஒயர் வழியே வருவது சாதாரணத் தரம், அகலப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். புது டிவியில் எச்டி, திரை நிறைய.

சிக்னல்: பாக்ஸோ புது டிவியோ, இதில் இரண்டும் ஒன்றே. சிக்னல் பலவீனமானால், அனலாக்கில் புள்ளி புள்ளியாகவாவது தெரிந்த படம், டிஜிட்டலில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

வசதி: பாக்ஸ் என்றால் இரண்டு ரிமோட். வீட்டுப் பெரியவர்களுக்கு இது நிஜமான சிரமம்.

எத்தனை நாள் வரும்: இங்கேதான் மலிவு டிவி கவிழ்க்கும். ஜெர்மனி 2017-ல் டிவிபி-டி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையிலிருந்து அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2-வுக்கு மாறத் தொடங்கியபோது, பழைய டிவிபி-டி ட்யூனர் (சிக்னலைப் பிடிக்கும் பகுதி) மட்டும் இருந்த தட்டை டிவிகளுக்கும் பாக்ஸ் தேவைப்பட்டது. தள்ளுபடி ஸ்டாக் வாங்குமுன் ட்யூனர் வகையையும் எச்இவிசி (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) உண்டா என்பதையும் அட்டைப்பெட்டியிலேயே பாருங்கள்.

படுக்கையறை டிவிக்கும் கை இறுக்கமான நேரத்துக்கும் பாக்ஸ். கூடத்தில் எல்லோரும் பார்க்கும் டிவி, அதுவும் பிக்சர் டியூப் மங்கிப்போனது என்றால், புதுசே வாங்குங்கள்.