கூன்வண்டு எவ்வளவு தூரம் பறக்கும்? பறப்புச் சுழலியின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டு எவ்வளவு தூரம் பறக்கும் என்பது தெரிந்தால்தான், ஒரு தோப்புக்காரர் தனியாகப் பொறி வைத்துப் பயன் உண்டா, ஊரே சேர்ந்து வைக்க வேண்டுமா என்று சொல்ல முடியும். தென்காசி மாவட்டத்தின் கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துத் தோப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "வண்டு பக்கத்துத் தோப்புலருந்துதான் வருது, நான் மட்டும் பொறி வச்சு என்ன செய்ய, அண்ணாச்சி?" என்பதுதான். ஆய்வகங்களில் ஃப்ளைட் மில் என்று வழங்கும் பறப்புச் சுழலியை நானே அமைத்துச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது இந்தக் கேள்விக்காகத்தான். ஒரு வண்டை இன்னொரு வண்டோடு ஒப்பிட அது அருமையான கருவி. ஆனால் அது காட்டும் தூரத்தை அப்படியே தோப்புக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் முடிவு.

அமைப்பு எளியது. மேலும் கீழுமாகப் பொருத்திய நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே ஓர் ஊசி செங்குத்தாக நிற்கிறது. அதன் முனை மட்டுமே காந்தத்தைத் தொடுவதால் உராய்வு மிகக் குறைவு. ஊசிக்குக் குறுக்கே மெல்லிய எஃகுக் குழாயாலான கை. அதன் ஒரு நுனியில் வண்டு, மறு நுனியில் அதற்கு ஈடான எடை. அச்சிலிருந்து வண்டு வரை 15.9 செ.மீ. இருக்குமாறு வைத்தால் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கையில் ஒட்டிய தகட்டுத் துண்டு அகச்சிவப்பு சென்சாரின் கதிரை மறைக்க, ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை அந்த நேரத்தைப் பதிந்துகொள்கிறது. தூரம், வேகம், இடையில் எடுத்த ஓய்வு என எல்லாமே இந்த ஒரே பதிவிலிருந்து கிடைத்துவிடும்.

நாள்பட்ட பயன்பாட்டில் அதிகம் சோதிப்பது மின்னணுப் பகுதியன்று, பசைதான். கூன்வண்டின் முன்மார்பு வழவழப்பானது. அதில் பசை எளிதில் பிடிக்காது. வண்டைச் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்து அசைவடக்கி, முதுகில் கடுகளவு இடத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து, அங்கே ஒரு சொட்டுப் பசையிட்டு ஊசியைப் பொருத்த வேண்டும். பசை பின்பக்கம் வழிந்து கெட்டியான மேலிறகின் அடியைத் தொட்டுவிட்டால், ஒரு மேலிறகு தூக்கும், மற்றது தூக்காது. அந்த வண்டு காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோளத்தை மேயத் தொடங்கிய படைப்புழுவின் அந்துப்பூச்சியில் வேலை வேறு மாதிரி. மார்பின் செதில்களை மென்தூரிகையால் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் செதிலோடு ஊசியும் கழன்றுவிடும்.

அடுத்த தொல்லை காற்று. வண்டு ஓய்ந்து, தகடு சரியாகச் சென்சாரின் வாயில் நின்றுவிட்டால், மின்விசிறியின் சிறு அசைவுகூடச் சுற்றுகளாகப் பதிவாகும். ஒரு சுற்று 0.1 நொடிக்குள் முடிந்ததாகப் பதிவு சொன்னால் வண்டு மணிக்கு 36 கி.மீ. வேகத்துக்கு மேல் பறந்ததாகப் பொருள்படும். அத்தகைய பதிவுகளைக் கழித்துவிடுமாறு நிரலில் எழுதிவைத்திருக்கிறேன். மேசைக் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துவதும் கட்டாயம். ஊசியில் மாட்டிய பூச்சியை எறும்பு விட்டுவைக்காது.

இனி, அந்த எண்ணின் பொருளுக்கு வருவோம். கால் தரையை விட்டு அகன்றாலே சிறகடிக்கத் தொடங்குவது பல பூச்சிகளின் இயல்பு. பிடித்துக்கொள்ள ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தால் நிறுத்திவிடும். சுழலியில் இறங்க இடமில்லாததால் அது பறந்துகொண்டே இருக்கிறது. அதோடு, உடல் எடையைக் கை தாங்குவதால் வேலை குறைகிறது. கையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வேலை கூடவும் செய்கிறது. செக்குமாடு நடந்த தூரத்தை வைத்து அது எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும். ஆனால் ஆணா பெண்ணா, இளையதா முதியதா, தின்றதா பட்டினியா என்று பிரித்துப் பார்க்கும்போது எல்லா வண்டுக்கும் குறை ஒன்றே என்பதால் ஒப்பீடு நிற்கிறது.

தோப்பின் உண்மை நிலையை அறிய, ஒளிரும் பொடி தூவிய வண்டுகளை விட்டுப் பொறிகளில் தேடினேன். புற ஊதா டார்ச்சில் பொடி பளிச்சென்று தெரியும். விட்ட தோப்பின் பொறியிலேயே விழுந்தவையும் உண்டு. இடையிலுள்ள தோப்புகளைத் தாண்டி விழுந்தவையும் உண்டு. உயிருள்ள வண்டைத் தோப்பில் விடுவதால், உரிமையாளர்களின் முழுச் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. முட்டையிடாது என்று ஆண் வண்டுகளை மட்டும் விடுவதும் தீர்வாகாது. கூட்டத்தை அழைக்கும் வாசத்தை வெளியிடுவதே ஆண்தான். இனக்கவர்ச்சிப் பொறியில் நாம் வைப்பது அந்த வாசத்தின் செயற்கை வடிவம். அதற்கு இருபாலும் வரும்.

பக்கத்துத் தோப்புச் சண்டைக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து மேல்காற்று வீசும்போது பொறியின் வாசம் கிழக்கே போகிறது. வண்டு அந்த வாசத்தைப் பிடித்து, காற்றை எதிர்த்து மேற்கே வருகிறது. ஆகவே அந்த மாதங்களில் பொறி நிறைந்ததைக் காட்டி மேற்குத் தோப்புக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவை பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்திருக்கும், அல்லது சொந்தத் தோப்பிலேயே இருந்திருக்கும். பொறியைத் தேடி வரும் வண்டு பொறிக்குள் விழாமல் அருகிலுள்ள இளமரத்தில் இறங்கவும் வாய்ப்புண்டு என்பதால், இளங்கன்றுகளுக்குப் பக்கத்தில் பொறியை வைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

நெல்லின் புகையானுக்கு இந்தச் சுழலி உதவாது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தப் பூச்சிக்கு இந்தக் கையே பெரும் பாரம். அதன் பயணமும் சிறகின் வலிமையைவிடக் காற்றைச் சார்ந்தது; 1967இல் ஜப்பானுக்குத் தெற்கே நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலிலேயே அவை திரளாகப் பிடிபட்டன. கூட்டம் நெருங்கி, பயிரும் முற்றும்போது நீள்சிறகு கொண்டவை பெருகும். ஆகவே பிசான நெல் பருவத்தில் தூர்களைத் தட்டி நீள்சிறகும் குறுஞ்சிறகும் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்ப்பதும், விளக்குப் பொறியைக் கவனிப்பதுமே போதும்.

கூன்வண்டு, அந்துப்பூச்சி அளவிலான பூச்சிகளோடு வேலை செய்பவர்கள் சுழலியை அமைக்கலாம், செலவு அதிகமில்லை. ஊசி முனை மழுங்கினால் சுற்று கனத்துவிடும். மாற்று ஊசிகள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். மின்வெட்டில் இரவுப் பதிவு முழுவதும் போய்விடாமல் இருக்கச் சிறு பேட்டரி ஒன்றை இணைத்துவிடுங்கள். கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது பொறிகளுக்கும் ஒளிரும் பொடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.